பாதிக் காந்தம்

போன வாரம் லேகாவைப் பாறசாலை ஸ்டேஷனில் இறக்கி, பூட்டிக் கிடந்த ஒர்க்‌ஷாப்புக்கு முன்னால் நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், இன்னும் அங்கேதான் நிற்கிறாள். சாவி அம்மாவின் முந்தானை முடிச்சில் இருக்கிறது. முடிச்சு அவிழ மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

"தெறக்கணுமாண்ணு இன்னொருக்கா யோசிச்சுக்கோ மக்களே," என்றாள் ஸ்ரீகுமாரி அம்மா. "அவன் வந்து கண்டா எனக்காக்கும் ஏச்சு."

"நீ தெற அம்மா. ஏச்சை நான் வாங்கிக்கிடுவேன்."

ஷட்டர் பாதி தூரம் ஏறி நின்றுவிட்டது. இரண்டு பேரும் குனிந்து உள்ளே நுழைந்தார்கள். வார்னிஷ் வாசனை. பெஞ்சின் மேல் செம்புக் கம்பி உருளைகள். கம்ப்யூட்டர் மேல் அம்மாவின் பழைய சேலைத் துண்டு. தம்பி அபிலாஷ் இங்கே கால் வைத்துப் பல நாளாகிவிட்டது என்பதைச் சொல்ல ஆள் வேண்டியதில்லை, சேலைத் துண்டின் மேல் படிந்திருந்த தூசியே போதும்.

அக்காவும் தம்பியும் நான்கு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. அம்மா நடுவில் நின்று அங்கே சொன்னதை இங்கேயும், இங்கே சொன்னதை அங்கேயும் கொண்டுபோய்க் கொடுத்து அலுத்துவிட்டாள். இத்தனைக்கும் சண்டை சொத்துக்காக இல்லை. ஒரு பெயருக்காக.

லேகா திருவனந்தபுரத்தில் இன்ஜினீயரிங் கல்லூரி லெக்சரர். நெய்யாற்றின்கரையில் புருஷன் வீடு. டாக்டர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது மின்காந்தம். கல்லூரிக் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் உண்டு. காந்தத்தின் படத்தைப் போட்டுக் கொடுத்தால், அதைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகக் கூறு போட்டு, ஒவ்வொரு கூறிலும் காந்தப்புலம் எவ்வளவு, மொத்தத்தில் இழுவிசை எவ்வளவு என்று எண்களாகக் கொட்டும். கொட்டுவதோடு அதன் வேலை தீர்ந்தது. அந்தக் காந்தத்தை ஒரு பிரேக்கில் மாட்டினால் எவ்வளவு பாரத்தை நிறுத்தும், சூடேறினால் எவ்வளவு தளரும் என்பதையெல்லாம் பார்க்க வேறொரு கணிதப் புரோகிராம் வேண்டும். அது அபிலாஷின் இந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. ஒன்றின் பாஷை மற்றொன்றுக்குத் தெரியாது. நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து, பக்கம் பக்கமாக எண்களைக் கையால் தட்டி ஏற்ற வேண்டும்.

அந்த ஆள் வேண்டாமென்று ஆக்கியவன் அபிலாஷ். அப்பா கருணாகரன் காலமான பிறகு மோட்டார் ஒர்க்‌ஷாப்பை எடுத்து நடத்திக்கொண்டே, கிடைத்த நேரத்தில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினான். அக்காவின் ஃப்ளாப்பியைப் போட்டால் போதும். அது எண்களைத் தானே படித்து, மாற்றி, கணிதப் புரோகிராமின் வாயில் ஊட்டிவிடும். விடையைப் பார்த்து அவள் காந்தத்தின் அளவைத் திருத்துவாள், மறுபடி அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் இந்தத் திரைக்கு முன்னால் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்திருப்பார்கள்.

பிறகு ஒரு கருத்தரங்கு வந்தது. இரண்டு சாஃப்ட்வேர்களையும் இணைத்த விதத்தை லேகா அங்கே கட்டுரையாக வாசித்தாள். கருத்தரங்குப் புத்தகத்தில் அவள் பெயரும் அவளுடைய கைடு பெயரும் இருந்தன. அபிலாஷ் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "எனக்க பேரு எங்க அக்கா?" என்று கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான்.

"டிப்ளமாக்காரனுக்க பேரைப் போட்டா அவங்க எடுப்பாங்களாலே?" என்று லேகா சொன்னாள்.

கைடு சொன்னதைத்தான் அவள் திருப்பிச் சொன்னாள். ஆனால் சொன்ன வாய் அவளுடையது. அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாதா என்று அவள் ரயிலில் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். ஆனால் நெய்யாற்றின்கரையில் இறங்காமல், மன்னிப்புக் கேட்க அதே ரயிலில் பாறசாலை வரை ஒரு நாளும் போனதில்லை.

அதற்குப் பிறகுதான் பொழியூர்க் கரையிலிருந்து விஞ்சு கேட்டு வந்தார்கள். மீன்பிடி வள்ளங்களை மணலில் இழுத்து ஏற்ற ஒரு மோட்டார், ஒரு உருளை, வள்ளம் பின்னால் நழுவாமல் பிடித்துக்கொள்ள ஒரு காந்தப் பிரேக். பேசாமலே அக்கா கணக்குப் போட்டாள், பேசாமலே தம்பி செய்தான். ஃப்ளாப்பி அம்மாவின் காய்கறிப் பையில் போய் வந்தது. சின்ன வள்ளங்கள் ஏறும் வரை விஞ்சு ஒழுங்காக ஓடியது. எஞ்சினும் நனைந்த வலையுமாக ஒரு பெரிய வள்ளத்தை ஏற்றிய அன்று பிரேக் பிடிக்கவில்லை. வள்ளம் திரும்பி வந்தது. பிரேக்கைப் போடும் கைப்பிடியில் நின்ற கரைக்காரர் நிக்கோலஸின் கால் அதில் மாட்டியது. அந்த வாரம் பூட்டிய ஷட்டர் இது.

"அவன் சுருள் கட்டினதில வல்லதும் தப்பா இருக்கும்," என்றாள் அம்மா. "நீ ஒருக்கா பாத்துச் சொன்னா அவனுக்க மனசு ஆறும். எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கியான்."

உண்மையைச் சொன்னால் லேகாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். கணக்கில் பிழை இருக்காது, கையில்தான் இருக்கும் என்று. அவசரக்காரன், கம்பியைக் குறைத்துச் சுற்றியிருப்பான்.

சேலைத் துண்டை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டாள். அது முனகிக்கொண்டு எழுந்தது. பொழியூர் பிரேக் என்று அவன் வைத்திருந்த வேலையைத் திறந்தாள். கோடு திரையில் மெல்ல ஏறியது. உச்சியில் நின்ற எண்ணைப் பார்த்தாள். எட்டாயிரம் நியூட்டன்.

எட்டாயிரமா?

அவள் அனுப்பியது நாலாயிரம். அதுவும் அவள் கையால் ஆக்கிய நாலாயிரம். கல்லூரியில் வந்தது இரண்டாயிரம்தான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காந்தம் இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும். முழுசாகப் போட்டால் கல்லூரிக் கம்ப்யூட்டர் மூச்சுமுட்டி நின்றுவிடும். அதனால் லேகா எப்போதும் பாதிக் காந்தத்தைத்தான் போடுவாள். வருகிற விசையை இரண்டால் பெருக்கினால் முழுக் காந்தத்தின் கணக்கு. பெருக்குவது தம்பியின் பங்கு. "எலே, பாதியாக்கும், மறக்காதே," என்று சொல்லித்தான் ஃப்ளாப்பியை நீட்டுவாள். ஒரு தடவை அவன் மறந்தும் போனான். அப்போது தேவைக்கு மீறிப் பெரிதாகிவிட்ட ஒரு காந்தம் இன்றும் மூலையில் ஸ்டூலாகக் கிடக்கிறது. அன்று இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

இந்த முறை சொல்ல வாய் இல்லை. பேச்சுதான் கிடையாதே. மறந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, அவளே இரண்டால் பெருக்கி ஃப்ளாப்பியில் ஏற்றினாள். நெய்யாற்றின்கரை வீட்டு கேட்டில் நின்று அம்மா அதை வாங்கிக்கொண்டபோது கேட்டாள்: "அவன்கிட்ட வல்லதும் சொல்லணுமா மக்களே?"

"ஒண்ணும் வேண்டாம்," என்றாள் லேகா. பெருக்கிவிட்டேன் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? ரோஷம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். விடை திரும்பி வந்தபோதும், இவ்வளவு பாரம் தாங்கும் என்ற கடைசி வரியை மட்டும் பார்த்துப் பூரித்துப்போனாள். நல்ல எண் ஏன் இத்தனை நல்லதாக இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

ஷட்டருக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. அபிலாஷ் குனிந்து உள்ளே வந்தான். தாடி வளர்ந்திருந்தது. அக்காவைப் பார்த்தான், உடனே அம்மாவின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"டீச்சருக்கு இங்க என்ன சோலிண்ணு கேளு அம்மா."

"நீயே கேளுலே. கைநீட்டினா தொடுக தூரத்துலதானே அவ நிக்கியா."

"எட்டாயிரம் எப்பிடி வந்துது அபி?" என்றாள் லேகா.

அவன் திரையைப் பார்த்தான். முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது.

"இப்பம்தான் கண்டியா?" என்றான். நான்கு மாதத்துக்குப் பிறகு அவன் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

"நீ எப்பம் கண்டே?"

"நிக்கோலஸ் அண்ணனை ஆஸ்பத்திரியில ஆக்கின மறுநாளு. பிரேக்கைக் கழத்திக் கொண்டுவந்து பாரம் கட்டிப் பாத்தேன். பாதிக்கு வச்சே விட்டுப்போச்சு. பின்ன உனக்க ஃப்ளாப்பியைத் தெறந்து பாத்தேன். நீ பெருக்கி வச்சிருக்கே."

"நீ மறந்துருவேண்ணு பெருக்கினேன்."

"மறந்தேண்ணு உனக்க வாயால இன்னொருக்கா கேக்கப்பிடாதுண்ணு நான் அதைப் புரோகிராமிலேயே போட்டு வச்சிருந்தேன். எண்ணு வந்தா தானாப் பெருக்கிடும்."

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் பெருக்கினா கூடத்தானே செய்யும்? கூடினா நல்லதுதானே மக்களே?"

"கணக்குலதான் கூடும் அம்மா," என்றாள் லேகா. "காந்தத்துல கூடாது. எட்டு தாங்கும்ணு நம்பி, நாலு மட்டும் தாங்குக காந்தத்தைச் செஞ்சு குடுத்தாச்சு."

அம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். லேகா தம்பியின் பக்கம் திரும்பிக் கேட்டாள். கேட்காமல் விட்டிருக்கலாம்.

"கரைக்கு அனுப்பும் முன்ன ஒருக்கா பாரம் கட்டிப் பாத்திருக்கலாமே அபி. எப்பளும் பாப்பியே."

"எப்பளும் பாப்பேன். இந்த ஒண்ணை மட்டும் பாக்கல்ல." அவன் குரல் உயரவில்லை. "உனக்க கணக்கைச் சோதிச்சுப் பாக்கியதுக்கு நான் ஆரு? டிப்ளமாக்காரனாக்கும்."

அவள் அழுதாள். மூடி மறைக்கவெல்லாம் இல்லை. அம்மா பக்கத்தில் வந்து நின்றாளே தவிர, தொடவில்லை. அம்மாவுக்கும் கோபம் இருக்கும்தானே.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நிக்கோலஸ் அண்ணன்கிட்ட சொன்னியா?" என்று கேட்டாள்.

அபிலாஷ் செம்புக் கம்பியின் நுனியைப் பிடித்து வளைத்துக்கொண்டிருந்தான். அம்மாதான் சொன்னாள்.

"அந்த ஆளு கைப்பிடியை இழுக்க மறந்துட்டான், தண்ணி போட்டிருந்தான்ணு கரை முழுக்கப் பேச்சு. வள்ளம் ஒடஞ்சதுக்கும் அவன்தான் காரணம்ணு. போன ஞாயிறு பூசை முடிஞ்சு, சர்ச்சு முற்றத்துல அவனுக்க பெஞ்சாதி மார்கிரெட்டு முட்டுகுத்தி நின்னு எல்லாரு முன்னயும் மன்னிப்பு கேட்டா."

"முட்டுகுத்தியா?" லேகா தம்பியைப் பார்த்தாள். "எல்லாம் தெரிஞ்சும் நீ பேசாம இருந்தியா?"

"சொன்னா உனக்க தீசிஸ் என்னாவும்?" என்றான் அபிலாஷ். "அடுத்த மாசம் குடுக்கணும் இல்லியா. பொழியூர் பிரேக் வச்சுத்தானே கடைசி அத்தியாயம். கணக்கே தப்புண்ணு ஊருக்குத் தெரிஞ்சா உனக்க வேலை என்னாவும்? தெனமும் சொல்லணும்ணுதான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். கஞ்சியைக் குடுத்துட்டு வாறேன்."

கோபத்தில் அவன் கத்தியிருந்தால்கூட லேகா தாங்கியிருப்பாள். பெயர் வேண்டுமென்று கேட்டபோது கொடுக்காத அக்காவின் பெயரை அவன் இத்தனை நாளும் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறான். அதற்கு விலையாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் ஒரு மனிதனின் மானம் போயிருக்கிறது. இதில் யாரை முதலில் நினைத்து வருந்துவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

பெஞ்சின் மேல் அவன் கொண்டுவந்து வைத்திருந்த தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். இன்றைய கஞ்சி அது.

"போகண்டாம்," என்றான் அபிலாஷ். "தீசிஸ் குடுத்து முடியட்டு. பின்ன நானே சொல்லுவேன். எனக்க தப்புண்ணு சொல்லுவேன்."

"அதுவரை அந்த மனுஷன் குடிகாரனா கெடக்கணுமா?"

ஆஸ்பத்திரி இருந்த நெய்யாற்றின்கரைக்குப் போகும் பஸ்ஸில் அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஷட்டரை இழுத்துவிட்டு ஓடிவந்து ஏறிய அவன், முன்னால் போய் நின்றுகொண்டான். இரண்டு டிக்கெட்டையும் அவனே எடுத்தான். கண்டக்டரிடம் காசை நீட்டியபோதுதான் அவளுக்கு அது தெரிந்தது.

ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் நிக்கோலஸுடையது. கால் தப்பிவிட்டது, நடைதான் பழையபடி வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலையெல்லாம் நரைத்த பெரிய உருவம். அபிலாஷைக் கண்டதும் சிரித்தார், பின்னால் வந்த பெண்ணைக் கண்டு போர்வையைச் சரிசெய்தார்.

"எனக்க அக்காளாக்கும்," என்றான் அபிலாஷ்.

"டீச்சரா? இருங்க," என்று மார்கிரெட் ஸ்டூலைத் தள்ளினாள். சுருக்கமாகப் பேசுகிற பெண். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று லேகா நின்றுகொண்டாள்.

கருத்தரங்கிலும் கல்லூரியிலும் அவள் எத்தனையோ பேருக்கு முன்னால் பேசியிருக்கிறாள். முக்கோணம், காந்தப்புலம், இணைப்பு என்று மணிக்கணக்காக. அதில் ஒரு வார்த்தையும் இங்கே உதவாது.

"அண்ணே, அன்னைக்கு நீங்க கைப்பிடியைச் சரியாத்தான் இழுத்திருக்கீங்க. பிரேக்குக்குத்தான் பெலன் இல்ல. அதுக்க கணக்கைப் போட்டது நானாக்கும். எனக்க கணக்கு தப்பிப்போச்சு."

வார்டில் எங்கோ ஒரு இருமல் கேட்டது. மார்கிரெட் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். நிக்கோலஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"நான் இழுத்தேனா?" என்று மெல்லக் கேட்டார்.

"இழுத்தீங்க அண்ணே," என்றான் அபிலாஷ். "பிரேக்குக்க தட்டுல தேஞ்ச தடம் கெடக்கு. நீங்க இழுக்காம அது தேயாது. காந்தம் பிடிச்சிருக்கு, பிடிச்சும் நிக்காம நழுவியிருக்கு. கணக்கு தப்பினதுல எனக்கும் பங்கு உண்டு. அதைவிட, தெரிஞ்ச பிறகும் நான் உங்ககிட்ட வந்து சொல்லல்ல. அது எனக்க தப்பு மட்டுமாக்கும்."

"இழுத்தேண்ணுதான் நான் மொதல்ல சொன்னேன்," என்றார் நிக்கோலஸ். "இல்ல, நீ இழுக்கல்ல, நாங்க கண்டோம்ணு எல்லாரும் சொன்னாங்க. கேட்டுக் கேட்டு, அப்பம் நான் இழுக்கல்லியோண்ணு எனக்கே ஆயிப்போச்சு. கண்ணை மூடினா கையி எங்க இருந்துதுண்ணு யோசிப்பேன். அதை நெனைச்சா காலு வேதனைகூட ஒண்ணும் இல்ல டீச்சரே."

லேகா பேச வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு அந்தப் பக்கத்துக் கட்டிலைக் கண்ணால் காட்டினார். முதுகைக் காட்டிப் படுத்திருந்த ஒரு ஆள்.

"கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க. அவன் எங்க கரைக்காரனாக்கும்."

லேகா உரக்கச் சொன்னாள். முதல் தடவை குரல் உடைந்தது. இரண்டாம் தடவை வார்டுக்கே கேட்கும்படி சொன்னாள். நிக்கோலஸ் கண்ணை மூடிக்கொண்டு, தாலாட்டுக் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டு கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

மார்கிரெட் மட்டும் அசையவில்லை. அவள் கண்ணில் நீரும் இல்லை.

"இங்க மட்டும் சொன்னா போராது டீச்சரே," என்றாள். "நான் முட்டுகுத்தினது இங்க இல்ல. நாளைக் கழிஞ்சு ஞாயிறு. பூசை முடிஞ்சு எல்லாரும் முற்றத்துல நிப்பாங்க. அங்க வந்து, இவருக்க பேரைச் சொல்லி, இப்பம் சொன்னது போல சொல்லணும். பத்திரிகைக்காரன் ஒருத்தனும் அங்க உண்டு, எங்க கரைப் பையன்தான். அவன் எழுதினா எழுதட்டு."

பத்திரிகையில் வந்தால் கல்லூரிக்குத் தெரியும். கைடுக்குத் தெரியும். அபிலாஷ் அக்காவின் முகத்தைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வாறேன்," என்றாள் லேகா.

"எல்லாரும் இங்க நின்னு அப்பிடித்தான் சொல்லுவாங்க," என்றாள் மார்கிரெட், கஞ்சிக் கிண்ணத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு. "வீட்டுக்குப் போயி மாப்பிள்ளைகிட்டயும் வேலை எடத்துலயும் கேட்டா மனசு மாறும். ரெண்டு நாளு உண்டு. மாறல்லேண்ணா வாருங்க."

மாறாது என்று சொல்ல லேகாவுக்கு வாய் எழவில்லை.